அயலார் குளத்தில் தூண்டில்

ஒருவருடைய நிலத்தில் இருக்கும் குளத்தில் இன்னொருவர் தூண்டில் போடலாமா? போடலாம் என்றால் யாரைக் கேட்டு, எவ்வளவு, எந்த வரம்புக்குள்? பார்வைக்குச் சிறிய கேள்விதான். ரோமானியச் சட்ட அறிஞர்கள் தொடங்கி இந்திய உச்ச நீதிமன்றம் வரை பலரும் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் இன்றுவரை ஓரிடத்தில் வந்து சேரவில்லை. மீன் இயற்கையின் கொடை, பிடித்தவருக்கே உரியது என்றார்கள் சிலர். கரை யாருடையதோ மீனும் அவருடையது என்றார்கள் வேறு சிலர். சட்டம் எப்படியிருந்தாலும் கேட்டுவிட்டுப் போவதே முறை என்பது மூன்றாவது நிலைப்பாடு. தூண்டில்காரர்களுக்காக இன்று எழுதப்படும் கையேடுகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

இந்த விவாதம் சிக்கலாவதற்கு முக்கியக் காரணம், மூன்று தனிக் கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போடப்படுவது என்று தோன்றுகிறது. மீன் யாருடையது? கரைக்கு யார் வரலாம்? வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலைக் கொண்டே மற்ற இரண்டையும் முடித்துவிட முயன்றவர்கள் பெரும்பாலும் தடுமாறியிருக்கிறார்கள். மூன்றையும் பிரித்து வைத்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது: ஒரு நீர்நிலையை உண்டாக்கவும் காக்கவும் மனித உழைப்பு எவ்வளவு செலவாகியிருக்கிறதோ, அந்த அளவுக்கு உரிமையாளரின் சொல்லுக்கு வலுக் கூடுகிறது. எல்லா இடத்திலும் இது பொருந்துவதில்லை. பொருந்தாத இடங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

மீன் வேறு, கரை வேறு

கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டப் பாடநூல், காட்டு விலங்கும் பறவையும் மீனும் பிடிபடும்வரை யாருக்கும் சொந்தமில்லை என்கிறது. பிடித்தவர் தம் நிலத்தில் பிடித்தாரா, அடுத்தவர் நிலத்தில் பிடித்தாரா என்பது மீனின் உரிமையைப் பொறுத்தவரை பொருட்டில்லை. ஆனால் அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. வேட்டைக்காகத் தம் நிலத்துக்குள் நுழைபவரை உரிமையாளர் பார்த்துவிட்டால் தடுக்கலாம். மீன்மீது உரிமை இல்லாதவருக்கும் நுழைவைத் தடுக்கும் உரிமை உண்டு என்ற இந்தப் பிரிவினை மிக முக்கியமானது. பிற்கால வாதங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதைவிட நுட்பமான வரி, சட்ட அறிஞர் பவுலஸ் எழுதி ஜஸ்டினியனின் பெருந்தொகுப்பில் சேர்ந்த பகுதியில் உள்ளது. நாமே கொண்டுவந்து வளர்ப்புத் தொட்டியில் விட்ட மீன்கள் நம் கைவசம் இருப்பவை. ஏரியில் திரியும் மீன்கள், அந்த ஏரி நம்முடையதாகவே இருந்தாலும், நம் கைவசம் இருப்பவை ஆகா என்பது அவர் கருத்து. நிலத்தின் எல்லையைவிட, மீனை அங்கே கொண்டுவந்தது யார், அது தப்பிப் போக வழி இருக்கிறதா என்ற இரண்டுமே அவருக்கு அளவுகோல். இன்றைய இந்தியக் குற்றவியல் விளக்கங்களிலும் ஏறத்தாழ இதே பிரிவினை நிலைத்திருக்கிறது. மீன் வெளியேற முடியாத மூடிய குளத்தில் இருந்தால் அது உரிமையாளர் வசம் இருப்பதாகக் கொண்டு, அனுமதியின்றி எடுப்பதைத் திருட்டு என்று கருத இடமுண்டு. வாய்க்கால் வழியே வந்துபோகும் திறந்த பாசனக் குளத்தில் அப்படிச் சொல்வது கடினம்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் வெள்ளம் வரும்போது வெளிப்படுகிறது. மழைக்காலத்தில் கலுங்கு வழிந்தால் மூடிய குளம் திறந்த குளமாகிவிடும். நேற்றுவரை ஒருவருடைய சொத்தாக இருந்த கட்லா இன்று ஓடையில் யாருடையது? பவுலஸின் அளவுகோல் வறண்ட மாதங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தண்ணீர் நகரத் தொடங்கியதும் அது தளர்ந்துபோகிறது.

வேலி உயர்ந்த வரலாறு

இங்கிலாந்து இந்தக் கேள்வியை வேறு திசைக்கு இழுத்துச் சென்றது. அங்கே மீன்குளம் இடைக்காலத்தில் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் உணவுக் களஞ்சியம், அந்தஸ்தின் அடையாளமும்கூட. 1275-இல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் பிறர் வேட்டைப் பூங்காவிலும் மீன்குளத்திலும் அத்துமீறுபவருக்கு 3 ஆண்டுச் சிறை விதித்தது. 1723-இல் நிறைவேறிய ‘கறுப்புச் சட்டம்’ மீன்குளத்தின் கரையை உடைத்து மீனை வெளியேற்றுவதையே தூக்குக்குரிய குற்றமாக்கியது. வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சட்டத்தின் பின்னால் மீனைவிடப் பெரிய பிணக்கு இருந்ததைக் காட்டினார். காட்டிலும் நீரிலும் தமக்கு வழக்கமாக இருந்த உரிமைகளை இழந்துகொண்டிருந்த சிறு குடியானவர்களுக்கும், புதிதாகச் செல்வம் சேர்த்தவர்களுக்கும் இடையிலான மோதல் அது. 1823-இல் சட்டத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

இன்று அங்கே நடைமுறையில் உள்ள 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், தனியார் நீரில் அனுமதியின்றி மீன் பிடிப்பதைத் தனிக் குற்றமாகக் கொள்கிறது. பகலில் தூண்டிலால் பிடிப்பதற்கு மட்டும் தண்டனை குறைவு. பகல் என்பது சூரியன் உதிக்க ஒரு மணி நேரம் முன்பிருந்து மறைந்து ஒரு மணி நேரம் வரை என்று சட்டமே வரையறுக்கிறது. வெளிச்சத்தில், பலர் கண்ணில் படும்படி, ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரையும் இரவில் வலையோடு வருபவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. மரியாதை என்பதற்குச் சட்டத்துக்குள்ளேயே கிடைத்த மிகச் சிறிய இடம் இது எனலாம்.

வேலிக்குள் இருப்பது முழுக்க உரிமையாளருக்கே என்ற நிலைப்பாட்டின் கடுமையான மறுபக்கம் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தெரிந்தது. உள்நாட்டுப் போருக்கு முன் அங்கே வேலியிடாத நிலத்தில் யாரும் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம் என்பது பரவலான வழக்கம். அடிமைத்தளை நீங்கிய பிறகு, கறுப்பின மக்கள் கூலிக்குப் போகாமலே மீனையும் சிறு விலங்குகளையும் கொண்டு பிழைத்துக்கொள்ள முடிந்தால் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்காது என்ற அச்சம் நில உரிமையாளர்களிடம் எழுந்தது. வரிசையாக அத்துமீறல் சட்டங்களும் வேட்டைக் கட்டுப்பாடுகளும் வந்ததற்கு இந்த அச்சம் ஒரு காரணம் என்று ஸ்டீவன் ஹான் 1982-இல் எழுதிய கட்டுரை வாதிடுகிறது. தனிச்சொத்தின் புனிதம் பற்றிப் பேசும்போது இந்தப் பின்புலத்தை மறப்பது நேர்மையாகாது. ‘கேட்டால் கொடுப்பார்கள்’ என்ற எளிய அறிவுரை, யார் கேட்டாலும் ஒரே பதில் கிடைக்கும் என்ற எண்ணத்தின்மேல் நிற்கிறது. அந்த எண்ணம் பல காலங்களில் பொய்த்திருக்கிறது.

பத்து ஏக்கர் என்ற கோடு

எதிர்த் திசையில் சென்றவர்களும் உண்டு. மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1641-இல் வகுத்த உரிமைத் தொகுப்பு, பெரிய குளங்களிலும் ஆறுகளிலும் எல்லாக் குடும்பத்தாருக்கும் மீன்பிடி உரிமையைத் தந்தது. 1647-இல் அது இன்னும் தெளிவாக்கப்பட்டது: 10 ஏக்கருக்கு மேற்பட்ட குளம் பொதுக் குளம். அதை அடைய இன்னொருவர் நிலத்தின் வழியே நடந்து போகலாம். விளைநிலத்தையும் புல்தரையையும் மட்டும் மிதிக்கக் கூடாது. குளம் பொது என்று சொல்வதோடு நிறுத்தாமல், அதற்குப் போகும் பாதையையும், அந்தப் பாதையில் பயிருக்குக் காட்ட வேண்டிய கவனத்தையும் ஒரே விதியில் சேர்த்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் எழுதப்பட்ட விதிகளில் இதைவிடச் செறிவான ஒன்றைக் காண்பது அரிது. மாசசூசெட்ஸிலும், 1820 வரை அதன் பகுதியாக இருந்த மெய்னிலும் இந்தப் ‘பெருங்குளம்’ கோட்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. வெர்மான்ட் தன் 1777-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே மீன்பிடி உரிமையை எழுதிவைத்தது. தனிச்சொத்தாக உள்ள நீரை மட்டும் விலக்கியது.

பத்து ஏக்கர் என்பது ஒருவகையில் தன்னிச்சையான எண்தான். ஒன்பதே முக்கால் ஏக்கர்க் குளத்து மீனுக்கும் பத்தே கால் ஏக்கர்க் குளத்து மீனுக்கும் இயல்பில் வேறுபாடு கிடையாது. ஆனாலும் அந்தக் கோட்டின் பின்னால் உள்ள எண்ணம் சரியானதே. சிறு குளம் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கைவேலை. பெரிய ஏரி பெரும்பாலும் மண்ணும் பனியும் காலமும் உண்டாக்கியது.

நார்டிக் நாடுகள் பற்றித் தமிழ் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். காட்டில் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம் என்ற பொது உரிமை அங்கே பெயர்பெற்றது. மீனுக்கு அது முழுமையாக நீள்வதில்லை என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஸ்வீடனில் சிறு ஏரிகளின் மீன்பிடி உரிமை நில உரிமையாளரோடு சேர்ந்தது. அங்கே உரிமச் சீட்டு வாங்க வேண்டும். கடற்கரை நீரிலும் வேனெர்ன், வெட்டெர்ன், மேலாரென் உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகளிலும் மட்டும் கைத்தூண்டில் எல்லாருக்கும் பொது. இந்தக் கடற்கரை நீரிலும் பெரிய ஏரிகளிலும் தனியார் உரிமைக்கு உட்பட்டிருந்த பகுதிகளை 1985-இல் அரசு கைத்தூண்டிலுக்குத் திறந்துவிட்டது; உரிமையாளர்களுக்கு இழப்பீடும் ஏற்பாடு செய்தது. தமக்கு மட்டுமே இருந்த மீன்பிடி உரிமை பறிபோனதாக ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். 1989-இல் அந்த முறையீடு ஏற்கப்படவில்லை. ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்தில் பொறுப்போடு நடமாடும் உரிமையைத் தாராளமாகத் தந்தது. மீன்பிடிப்பை வெளிப்படையாக விலக்கியது. நடப்பவர் எதையும் எடுத்துப் போவதில்லை, மீன் பிடிப்பவர் எடுத்துப் போகிறார் என்பதே இந்த வேறுபாட்டின் அடிப்படை என்று கொள்ளலாம்.

இந்தியக் குளங்கள்: குத்தகையும் வழக்கமும்

இந்தியாவில் காலனிய அரசு முதலில் தனியார் உரிமையின் பக்கமே நின்றது. குளங்கள் நிறைந்த வங்காளத்தில் 1889-இல் தனியார் மீன்பிடி நீர்களைக் காக்கவென்றே ஒரு சட்டம் வந்தது. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் சற்றே வேறு குரலில் பேசுகிறது. தனியார் நீரில் விதிகளை நடைமுறைப்படுத்த உரிமையாளரின் எழுத்து மூல ஒப்புதல் தேவை என்று அது சொன்னது. ஆனால் வெடி வைத்து மீன் கொல்வதை எந்த நீரிலும் தடை செய்தது. தம் குளம் என்பதற்காக ஒருவர் எதையும் செய்துவிட முடியாது என்ற வரம்பு, உரிமைக்கு மதிப்பளித்த அதே சட்டத்துக்குள் இருந்தது.

சட்டரீதியில் அதிகம் பேசப்படும் தீர்ப்பு 1955-இல் உச்ச நீதிமன்றம் அளித்தது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் பாரிக்குட் ஜமீனுக்கு உட்பட்ட பகுதிகளில் மீன் பிடிக்கச் சிலர் ஜமீனிடம் பணம் கட்டி உரிமம் வாங்கியிருந்தார்கள். ஜமீன் ஒழிப்பில் அந்தச் சொத்து அரசுக்குப் போயிற்று. அரசு அவர்களுடைய உரிமத்தை ஏற்க மறுத்தது. ஏரியில் மீனைப் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை நிலத்திலிருந்து விளையும் பயன், ஆகவே அசையாச் சொத்து. அதை வாய்ச்சொல்லால் விற்க முடியாது, பதிவுசெய்த ஆவணம் வேண்டும் என்றது நீதிமன்றம். மீனவர்கள் தோற்றார்கள். பணம் கொடுத்து, முறைப்படி கேட்டு, சம்மதம் பெற்று வந்தவர்கள் அவர்கள். உரிமையாளர் மாறியதும் அந்தச் சம்மதம் காற்றில் போயிற்று. மரியாதையோடு கேட்டுப் பெற்ற அனுமதி எவ்வளவு மெலிந்த தளத்தில் நிற்கிறது என்பதை இந்த வழக்குபோல வேறெதுவும் காட்டியதில்லை.

சென்னை மாகாணத்தில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களின் குளங்களையும் மீன்பிடி உரிமைகளையும் அரசிடம் சேர்த்தது. அதனால் தமிழகத்தில் பெரிய கண்மாய்களும் ஏரிகளும் பெரும்பாலும் அரசு, ஊராட்சி வசம் இருக்கின்றன. அவற்றின் மீன்பாசி உரிமை ஏலத்தில் குத்தகைக்குப் போகிறது. தனியார் நீர் என்று சொல்லத்தக்கவை கிணறுகள், பண்ணைக்குட்டைகள், வளர்ப்புக் குளங்கள், கல் வெட்டிய பள்ளங்கள் போன்ற சிறு நீர்நிலைகள்தாம்.

கேட்டுப் பெறுவது, விலைக்குப் பெறுவது, உரிமையாகப் பெறுவது என்ற மூன்றிலும் சேராத ஒரு முறை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இருக்கிறது. அறுவடை முடிந்து கோடையில் தண்ணீர் வற்றும்போது கண்மாயை ஊருக்கே திறந்துவிடும் மீன்பிடித் திருவிழா அது. மேலூர்ப் பக்கம் அழிகண்மாய் என்பார்கள். முன்கூட்டியே சுற்றூர்களுக்குச் செய்தி போகும். விடியலில் ஊத்தா, கச்சா, வலை, சேலை, கூடை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆணும் பெண்ணும் குழந்தைகளும் கரையில் வந்து நிற்பார்கள். சாமி கும்பிட்டு ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். வீசியதும் எல்லாரும் இறங்குவார்கள். கெளுத்தி, விரால், குரவை, கெண்டை, ஜிலேபி எது அகப்பட்டாலும் அகப்பட்டவருக்கு. வெளியூர்க்காரருக்கும் தடையில்லை. இப்படி ஊர்கூடிப் பிடித்தால் அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

இங்கே அனுமதி தனியாளுக்குச் செய்யும் தயவாக இல்லை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் ஒரு நாளாக இருக்கிறது. மேல்நாட்டுக் கையேடுகளில் இதற்கு நிகரான யோசனையைக் காண்பது அரிது என்பது கவனத்துக்குரியது. கேட்கும் துணிவோ பழக்கமோ இல்லாதவருக்கும் இதில் பங்கு கிடைக்கிறது. குறையும் உண்டு. ஒரே காலையில் முழுக் கண்மாயும் கலக்கப்படுவதால் இது வற்றப்போகும் நீருக்கே பொருந்தும். நிரந்தர நீர் உள்ள வளர்ப்புக் குளத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. குத்தகைக்குப் போன கண்மாயிலும் இதற்கு இடம் சுருங்கிவிட்டது.

நீர் ‘தனியாருடையது’ என்ற சொல்லே விலக்கிவைக்கும் கருவியாக இருந்ததையும் இந்திய அனுபவம் பதிவு செய்திருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மகாட் ஊரின் சவ்தார் குளத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீர் அருந்தியபோது, அந்தக் குளம் தங்களுக்கே உரிய தனிச்சொத்து என்று சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம்வரை சென்று அவர்கள் தோற்றார்கள். அது குடிநீருக்கான போராட்டம். மீனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும் கரையில் நிற்கவே விடப்படாதவர்களிடம் ‘பணிவாகக் கேளுங்கள்’ என்று சொல்வதில் உள்ள கொடுமையை அது நினைவுறுத்துகிறது. மரியாதை இருபக்கமும் போகவேண்டியது என்பதை மரியாதை பற்றிய எந்தக் கோட்பாடும் மறந்துவிட முடியாது.

கேட்டுப் பெறும் வழியும் உரிமையாளரின் இழப்பும்

இவ்வளவையும் சொன்ன பிறகும், சிறு தனியார் குளத்தைப் பொறுத்தவரை கேட்டுப் பெறுவதே பொருத்தமான வழி என்ற முடிவுக்கு வருவது நியாயமாகவே தோன்றுகிறது. அதற்கான வலுவான காரணத்தை மீனியலே தருகிறது.

அமெரிக்காவில் 1930-களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு, 1935-இல் அமைந்த மண்வளப் பாதுகாப்புத் துறையின் ஊக்கத்தால் பண்ணைக் குளங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. அவற்றில் என்ன மீன், எத்தனை விடுவது என்பதை அலபாமாவின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கிளும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். புளூகில் என்ற சிறு மீனும், அதைத் தின்னும் லார்ஜ்மவுத் பாஸும் சேர்ந்தால் குளம் சமநிலையில் நிற்கும் என்று கண்டார்கள். ஏக்கருக்கு 100 பாஸ் குஞ்சு, 1,000 புளூகில் குஞ்சு என்பது அதிலிருந்து பிறந்த பரவலான பரிந்துரைகளில் ஒன்று. விருந்தாளியாக வரும் தூண்டில்காரர் இரண்டு மூன்று வாரக் கடைசிகளில் பெரிய பாஸ்களை எல்லாம் எடுத்துப் போய்விட்டால், தின்ன ஆளில்லாமல் புளூகில் பெருகி, இரை போதாமல் விரல் நீளத்திலேயே நின்றுபோகும். பாஸின் முட்டைகளையும் அவை தின்னும். குளத்தை மீட்கச் சில ஆண்டுகள் ஆகலாம். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். பிடித்ததை எல்லாம் திரும்ப விடுவதே பண்பு என்று நினைத்து ஒரு பாஸையும் எடுக்காமல் போனால், சில குளங்களில் பாஸ் நெரிசலாகி மெலிந்துவிடும். இந்த ஆண்டு எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பது அந்தக் குளத்தை அறிந்தவருக்கே தெரியும். ஆகவே ‘பிடிக்கலாமா?’ என்பதோடு ‘எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்பதும் அனுமதியின் உட்பகுதி.

நம் வளர்ப்புக் குளங்களில் கணக்கு வேறு, பொறுப்பு அதேதான். கட்லாவும் ரோகுவும் மிருகாலும் விலைக்கு வாங்கிய குஞ்சுகள். தவிடும் புண்ணாக்கும் போட்டு வளர்த்தவை. பவுலஸ் சொன்ன ‘நாமே கொண்டுவந்து விட்ட மீன்’ இதுதான். அங்கே தூண்டில் போடக் கேட்பது ஒருவருடைய விளைச்சலில் பங்கு கேட்பதற்குச் சமம்.

உரிமையாளரின் இரண்டாவது அச்சம் விபத்து. யாராவது குளத்தில் விழுந்துவிட்டால் வழக்கு தம் தலையில் விழுமோ என்ற கவலை அமெரிக்காவில் பல குளங்களின் கதவைப் பூட்டியது. மிச்சிகன் 1953-இல் தொடங்கி, 1965-இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்ட பிறகு, எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் ஒரு பாதுகாப்பைச் செய்தன: கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்கு விபத்துப் பொறுப்பு பெரிதும் குறையும். வேண்டுமென்றே செய்த தீங்குக்கு இது பொருந்தாது. கட்டணம் வாங்கினால் பாதுகாப்பு பொதுவாக நீங்கிவிடும். நன்றிக்கடனாகப் பணத்தை நீட்டும் விருந்தாளி, தெரியாமலே உரிமையாளரைச் சட்டச் சிக்கலுக்குள் தள்ளக்கூடும் என்பதால், சுத்தம் செய்த மீனைக் கொடுப்பதும் அறுந்த வேலியைக் கட்டிக்கொடுப்பதும் பணத்தைவிடப் பாதுகாப்பான நன்றி.

இந்தியாவில் இந்த உறவை வரையறுப்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் உரிமம் பற்றிய பகுதி. தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கும் வேறு சில பகுதிகளுக்கும் மட்டுமே வந்த சட்டம் இது. இதன் 52-ஆம் பிரிவிலிருந்து 64 வரை படிப்பவருக்கு, நல்ல விருந்தாளிக்கான நெறிகள் சட்டமொழியில் எழுதப்பட்டிருப்பது போலத் தோன்றும். அனுமதி வாங்கியவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தமக்குப் பதில் ஆளை அனுப்பவும் முடியாது. சில விலக்குகள் தவிர, கொடுத்தவர் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றால் வெளியேற நியாயமான அவகாசம் தர வேண்டும். நிலம் கைமாறினால் புதியவரை அது கட்டுப்படுத்தாது. 57-ஆம் பிரிவு உரிமையாளரின் கடமையைச் சொல்கிறது: தமக்குத் தெரிந்து, வருபவருக்குத் தெரியாத ஆபத்து ஏதும் இடத்தில் இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டையின் சரிவு வழுக்கும்; உள்ளே விழுந்தவர் ஏறி வருவது மிகக் கடினம். குளத்தின் நடுவே பழைய கிணறு மூழ்கிக் கிடக்கலாம். இவற்றைச் சொல்லிவைப்பது உரிமையாளர் பக்கத்து மரியாதை.

கையேடுகள் சொல்லும் நடத்தை முறைகளில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பகலில், நேரில், தூண்டிலும் கூட்டமும் இல்லாமல் போய்க் கேட்க வேண்டும். எத்தனை பேர், எந்த நாள், வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை கிடைத்த அனுமதியை எல்லா நாளைக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் தெரிவிக்க வேண்டும். படலோ கேட்டோ திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட வேண்டும். அறுந்த நரம்பையும் முள்ளையும் ஒரு துண்டு விடாமல் எடுத்துவர வேண்டும். மேய வரும் மாட்டின் வாயிலும் காலிலும் அவை சிக்கும். வேறு குளத்து உயிர் இரையைக் கொண்டுவந்து விடவே கூடாது. ஒரு வாளி நீரில் வந்த நோயோ அந்நிய மீனோ குளத்தையே மாற்றிவிடும். மறுத்துவிட்டால் காரணம் கேட்காமல் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும்.

இந்த நெறிகள் எல்லாம் சரியானவை. இவற்றின் குறை, விருந்தாளியின் நடத்தையை மட்டும் பேசுவது. உரிமையாளர் எதை இழக்கக்கூடும் என்று முதலில் கணக்கிட்டால் இந்த நெறிகள் தாமாகவே விளங்கும். அந்தக் கணக்கு இல்லாமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர், பட்டியலில் இல்லாத புதுக் குளத்தில் தவறு செய்வார்.

காசு என்ற குறுக்கு வழி

கட்டணக் குளங்கள் இந்தச் சிக்கலை எளிதாக்குகின்றன. இங்கிலாந்தில் நாள் சீட்டு, சங்க உறுப்பினர் முறை. வங்காளத்தில் டிக்கெட் வாங்கித் தூண்டில் போடும் ‘புகுர்’ எனும் குளங்கள். தயவு தேவையில்லை, தயக்கமும் இல்லை. வசதியில்லாதவர் வெளியே நிற்பார் என்பதே இதன் வெளிப்படையான குறை. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், நிலத்தைப் பொதுமக்களுக்குத் தாமாகத் திறந்துவிடும் உரிமையாளர்களை ஊக்குவிக்க மாநிலங்களுக்கு நிதி வழங்க வழிசெய்தது. கேன்சஸ் மாநிலம் தனியார் குளங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பொதுத் தூண்டிலுக்கு விடுகிறது. காசை அரசு கொடுக்கிறது, கரை எல்லாருக்கும் திறக்கிறது. நடுவழிகளில் நம்பிக்கை தருவது இதுவே எனலாம். நிதி ஒதுக்கீடு இருக்கும்வரைதான் இது நீடிக்கும்.

இன்னும் முடியாதவை

சிறு வளர்ப்புக் குளத்தில் உரிமையாளரின் சொல்லே இறுதி, இயற்கையான பெரிய ஏரியில் பொதுவுரிமைக்கு வலு அதிகம் என்ற இரு முனைகளில் இன்று ஓரளவு உடன்பாடு இருப்பதாகச் சொல்லலாம். இடைப்பட்டவைதாம் தீரவில்லை.

கைவிடப்பட்ட கல்குவாரிகளில் மழைநீர் தேங்கி மீன் தானாகப் பெருகியிருக்கிறது. உழைப்பு யாருடையதும் அல்ல, ஆபத்து மட்டும் மிக அதிகம். அங்கே உழைப்பு என்ற அளவுகோல் பயன்படாது. உரிமையாளர் வெளியூரில் இருக்க, காவலுக்கு ஒருவர் மட்டும் உள்ள தோப்புக் குளங்களில் காவலரின் தலையசைப்பு அனுமதியாகுமா? சட்டம் மறைமுகச் சம்மதத்தையும் ஏற்கிறது. ஆனால் சம்பளக்காரரை அந்த நிலைக்குத் தள்ளுவது முறையா என்பது சட்டம் பதில் சொல்லாத கேள்வி. முறையல்ல என்றே சொல்லத் தோன்றுகிறது. உரிமையாளர் திட்டினால் வேலை போவது அவருக்குத்தான்.

வாய்ச்சொல் அனுமதிக்கும் அசையாச் சொத்துக்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதும் தெளிவில்லை. ஞாயிறு மாலை இரண்டு கெண்டை பிடிப்பவர் வெறும் உரிமம் பெற்றவர். சிலிகாவில் பணம் கட்டியவர்கள் கேட்டது அசையாச் சொத்தின் உரிமை. பக்கத்து வீட்டுக் குளத்தில் ஆண்டு முழுவதும் பிடித்துச் சந்தையில் விற்கும் ஒரு குடும்பம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. உரிமையாளர் இறந்து பிள்ளைகள் நிலத்தை விற்கும் நாளில் அந்தக் குடும்பத்திடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

குத்தகைக் கண்மாய்களில் சிக்கல் இன்னும் கூடுதல். மீன் குத்தகைதாரருக்கு, தண்ணீர் ஆயக்கட்டு விவசாயிக்கு, கரை ஊருக்கு. மீனை வாரி எடுக்கக் குத்தகைதாரர் மடையைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவதும், பயிருக்கு நீரில்லாமல் விவசாயிகள் மறியல் செய்வதும் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. அங்கே தூண்டிலோடு வரும் ஒருவர் குத்தகைதாரரைக் கேட்டால் போதும் என்பது ஏலப் பத்திரத்தின்படி சரி. தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கிய மாதத்தில், ஆயக்கட்டுக்காரரையும் கேட்க வேண்டும் என்று வாதிட இடமிருக்கிறது. மீன்பாசி ஏல நிபந்தனைகளில் ஊராருக்கென்று கைத்தூண்டில் உரிமையையும் ஒரு அழிகண்மாய் நாளையும் ஒதுக்கி வைக்கலாம். அப்படி ஒதுக்கினால் குத்தகைத் தொகை எவ்வளவு குறையும், குறையும் தொகையை ஊராட்சி தாங்குமா என்பதைச் சில ஊர்களில் செய்துபார்த்துத்தான் அறிய முடியும்.